19 மாதம், இரண்டு சக்கரம், இரண்டே கை

கர்ப்பமாக இருந்தபோது பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: "குழந்தையை எப்படித் தூக்குவாய்?" நானும் அதை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது மகளுக்கு 19 மாதம். தூக்குவது அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. பிறந்த குழந்தை 3 கிலோ. என் வீல்சேர் 12 கிலோ. அதையே கழற்றிக் காருக்குள் போட்டுப் பழகியவள் நான்.

உண்மையான தகராறு கையில்தான். வீல்சேர் நேராகப் போக இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் தள்ளினால் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். குழந்தைக்கும் இரண்டு கை வேண்டும். நான்கு கை வேலை, இருப்பதோ இரண்டு. அதனால் வாங்கியது, செய்துகொண்டது, பரணில் போட்டது எல்லாவற்றையும் நான் ஒரே கணக்கில்தான் எடை போட்டேன்: இது எனக்கு ஒரு கையை மிச்சம் பிடித்துத் தருகிறதா?

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தண்டுவடத்தில் டி-10 மட்டத்தில் அடி, அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் மேலிருந்து பத்தாவது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கைகள் முழு பலத்தோடு இருக்கின்றன, முதுகையும் ஓரளவு நிமிர்த்தி உட்கார முடியும். இதைவிட மேலே அடிபட்டவர்களுக்கு நான் எழுதுவதில் பாதி பொருந்தாது. முக்கியமாக டி-6 அல்லது அதற்கு மேல் என்றால், பால் கொடுக்கும்போதுகூட திடீரென்று தலை தெறிக்க வலித்து, முகம் சிவந்து வியர்த்து, இரத்த அழுத்தம் எகிறலாம். சிறுநீர்ப்பை நிரம்பினாலும் அப்படித்தான். பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நடக்கிற அம்மாக்களுக்கு உட்கார்ந்தால்தான் மடி. எனக்கு நாள் முழுக்க மடிதான். ஆனால் என் தொடைகள் என் பேச்சைக் கேட்பவை அல்ல. தானாக விரிந்து நடுவில் பள்ளம் விழும். சில நேரம் தசை விறைத்து உதறும். குழந்தை ஒரு உதை விட்டால் போதும், என் கால் பதிலுக்கு உதைக்கும். முதல் வாரம் அவள் மடியில் துள்ளி விழப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு தொடையையும் சேர்த்துக் கட்ட ஒரு அகலமான வெல்க்ரோ பட்டை போட்டேன். பள்ளம் மூடியது, உதறலும் பாதி அடங்கியது. இருப்பதிலேயே எளிய பொருள் இதுதான். 19 மாதத்தில் ஒரு நாள்கூட இது இல்லாமல் இருந்ததில்லை.

மார்போடு சேர்த்துக் கட்டும் துணியைப் பற்றி எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். இரண்டு கையும் விடுபடுவது உண்மைதான். ஆனால் சக்கரத்தைத் தள்ளும்போது நான் முன்னால் குனிவேன். குனிந்தால் குழந்தையின் முகம் என் நெஞ்சில் அழுந்தும், தாடை கீழே மடியும். சின்னக் குழந்தையின் தாடை நெஞ்சோடு ஒட்டினால் மூச்சுப் பாதை அடைபடும். அதனால் முகம் கண்ணுக்குத் தெரிகிறதா, தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரலாவது நுழைகிறதா என்று நிமிடத்துக்கொரு முறை பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குள் சமதளத்தில் சரி. ஏற்றத்தில் வேண்டவே வேண்டாம். நாலு மாதத்தில் அதை மடித்து வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கைகொடுத்தது, இடுப்பைச் சுற்றி கொக்கி போட்டுக்கொள்ளும் பாலூட்டும் தலையணை. அதன் மேல் அவளைப் படுக்கவைத்து, என்னையும் அவளையும் சேர்த்து ஒரு மெத்தென்ற பெல்ட். அறைவிட்டு அறை போக அது போதும்.

இதில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று ஈரம். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் இரவு, படுக்கைக்கு மாறியதும் வழக்கம்போலக் கைக்கண்ணாடியை வைத்துத் தோலைப் பார்த்தேன். உட்காரும் எலும்புக்கு நேரே சிவப்பாக ஒரு வட்டம். விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. வீல்சேரில் இருப்பவர்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியும், படுக்கைப்புண்ணின் முதல் படி. எப்படி வந்தது என்று யோசித்தால், மதியம் அவளுடைய டயபர் கசிந்திருக்கிறது. அந்த ஈரம் தொடை வழியாக இறங்கி குஷன் உறை வரைக்கும் நனைத்திருக்கிறது. மற்றவர்கள் என்றால் அந்த நொடியே "ஐயோ" என்று எழுந்திருப்பார்கள். எனக்குத் தெரியவே தெரியாது. சாயங்காலம் வரை அதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் மூன்று நாள் வீல்சேர் பக்கமே போகாமல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பால் கொடுத்தேன். அன்றிலிருந்து மடியில் எப்போதும் தண்ணீர் இறங்காத ஒரு விரிப்பு. ஒவ்வொரு முறை அவளை இறக்கிய பிறகும் தொடைக்கு அடியில் கைவிட்டுத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கால் சொல்லாததைக் கை சொல்லட்டும்.

சூடும் அப்படித்தான். பால் பாட்டிலைத் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு நகர்வது எவ்வளவு வசதி தெரியுமா? செய்யாதீர்கள். கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும்.

பால் கொடுக்க ஒரு முறைக்கு 40 நிமிடம்கூட ஆகும். நானோ அரை மணிக்கு ஒரு தடவையாவது எடையை எழுப்பி உட்காரும் இடத்துக்கு ஓய்வு தர வேண்டும். மடியில் குழந்தை இருக்கும்போது இரண்டு கையையும் ஊன்றி எழும்ப முடியாது, முன்னால் குனிந்தால் அவள் நசுங்குவாள். என் பிசியோதெரபிஸ்ட்தான் வழி சொன்னார்: இடது பக்கம் பால் கொடுக்கும்போது இடது முழங்கையை மேசையில் ஊன்றி அந்தப் பக்கமே சாய்ந்துகொள், பக்கம் மாற்றும்போது சாய்வையும் மாற்று. எந்தப் பக்கம் சாய்கிறேனோ அதற்கு எதிர்ப் பக்கம் எழும்பி ஓய்வு கிடைக்கும். அலாரமே தேவைப்படவில்லை, குழந்தையின் பசியே அலாரம். சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டருக்குத்தான் அலாரம் வைத்தேன். அவள் அழுகிறாள் என்று அதை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டதற்கு இரண்டு முறை காய்ச்சலோடு விலை கொடுத்திருக்கிறேன்.

பை விஷயத்தில் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். டயபர், மாற்றுத்துணி, தண்ணீர் எல்லாம் அடைத்த பையை வீல்சேரின் முதுகில் மாட்டியிருந்தேன். மடியில் 6 கிலோ குழந்தை இருந்தவரை முன்னும் பின்னும் சமமாகிப் போய் எதுவும் தெரியவில்லை. அவளைக் கட்டிலில் விட்டுவிட்டுத் திரும்பி, நிலைப்படியின் சின்ன மேட்டில் ஏற ஒரு உந்து உந்தினேன். அவ்வளவுதான். முன்சக்கரம் மேலே போனது, அடுத்த நொடி நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் ஒரு வீக்கம், மற்றபடி ஒன்றுமில்லை. அவள் கட்டில் கம்பி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றே பின்பக்கம் கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்களை மாட்டினேன், பை இருக்கைக்கு அடியில் போனது. குழந்தை மடியில் இருக்கும் வண்டியும் இல்லாத வண்டியும் வேறு வேறு வண்டி. முதலாவதில் எடை முன்னால் போவதால் முன்சக்கரம் சின்னப் பள்ளத்தில்கூட மாட்டிக்கொள்ளும், இரண்டாவது லேசாகப் பின்னால் சாயும். இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பழக வேண்டும்.

கடையில் கிடைக்கும் குழந்தைக் கட்டில் எதுவும் எனக்கு ஆகவில்லை. கம்பித் தடுப்புக்கு மேலே கையை நீட்டி, உள்ளே குனிந்து, தூக்கி, திரும்பத் தடுப்பைத் தாண்டி வெளியே எடுக்க வேண்டும். இடுப்புப் பிடிமானம் இல்லாத எனக்கு அது நடக்காத காரியம். ஒரு தச்சரை வைத்துச் செய்தோம். மெத்தை என் மடியைவிட ஒரு சாண் உயரம். அடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. காலியிடம், முன்பக்கத் தடுப்பு அலமாரிக் கதவுபோலப் பக்கவாட்டில் நகரும். கம்பிகளுக்கு இடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடவில்லை, மெத்தைக்கும் ஓரத்துக்கும் நடுவில் விரல் நுழையாது. தச்சர் முதலில் ஒற்றைத் தாழ்ப்பாள் போட்டார். இரண்டு அசைவில் மட்டும் திறக்கும்படி மாற்றச் சொன்னேன், தூக்கிவிட்டுத் தள்ள வேண்டும். "எதற்கம்மா இவ்வளவு?" என்றார். ஒரு வயதில் அவள் அந்தத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிய மல்லைப் பார்த்தால் கேட்டிருக்க மாட்டார். செலவிட்டதில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ராத்திரி அவள் அழுதால், தடுப்பை நகர்த்தி, முழங்காலை உள்ளே விட்டு, அவளை என் பக்கம் இழுத்து மடியில் சறுக்கவிடுவேன். தூக்கவே வேண்டாம்.

டிரான்ஸ்ஃபருக்கு ஒரே சட்டம்தான்: நான் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாறும்போது அவள் என் மேல் இருக்கக் கூடாது. கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாவு தாவிவிடலாம் என்று தோன்றும். தோன்றட்டும். குழந்தையை முதலில் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு, பிறகுதான் நான். அவள் புரளத் தொடங்கிய நாலாவது மாதத்தோடு டயபர் மாற்றும் உயர மேசையையும் மூட்டை கட்டினேன். பிரேக்கைப் பிடிக்க ஒரு கை போனால் அவளைப் பிடிக்க ஒன்றுதான் மிஞ்சும், அந்த ஒன்று போதாது.

தவழ ஆரம்பித்ததும் ஆட்டமே மாறிப்போனது. தரை எனக்கு அந்நிய நாடு, அவளுக்கோ அதுதான் ராஜ்ஜியம். தோளில் குறுக்குப் பட்டை வைத்துக் கெட்டியாகத் தைத்த டங்கரி உடுப்பு இங்கே கைகொடுத்தது. ஒரு கையை வீல்சேரின் கைப்பிடியில் கோத்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்து, மறு கையால் முதுகுப் பட்டையைப் பிடித்து அவளை முதலில் கால் வைக்கும் பலகையான ஃபுட்ரெஸ்டில் வைப்பேன், அங்கிருந்து மடிக்கு. பார்க்கிறவர்களுக்குப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல இருக்கும். 9 கிலோ வரை தாங்கியது, அதற்கு மேல் தோள் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அப்பா தூக்கினால் துணிமூட்டைபோலத் தொங்குகிறவள், நான் பட்டையைப் பிடித்த மறுகணம் காலை மடக்கி, உடம்பைச் சுருட்டி, அசையாமல் இருப்பாள். ஃபுட்ரெஸ்டில் வைத்ததும் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அடுத்த தூக்கலுக்குக் காத்திருப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மாவிடம் ஏற வேண்டுமென்றால் இப்படி என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். 11 மாதத்தில் ஃபுட்ரெஸ்டைப் பிடித்துத் தானாகவே ஏறத் தொடங்கினாள். என் தோளுக்கு விடுதலை.

தவழும் குழந்தைக்காகச் செய்த மற்றவை: சக்கரக் கம்பிகளுக்குள் விரல் போகாமலிருக்க இரண்டு பக்கமும் வட்டமான பிளாஸ்டிக் மூடி, இது கட்டாயம். பின்னால் நகரும் முன் திரும்பிப் பார்ப்பது, அதைவிடக் கட்டாயம். வாசலுக்குப் போடும் குழந்தைத் தடுப்புக் கதவுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் குறுக்குக் கம்பி இருக்கும். அவளைத் தடுக்கிறதோ இல்லையோ, என்னைத் தடுத்துவிடும். அடிக்கம்பி இல்லாததாகத் தேடி வாங்குங்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாவது மாதத்தில் வலது கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வீங்கி, சக்கரத்தைப் பிடிக்கவே முடியாமல் போனது. கட்டைவிரலை விரித்து, கக்கத்தில் கொடுத்துத் தூக்குவதால் வரும் வலி. நடக்கிற அம்மாக்களுக்கும் வருவதுதான், ஆனால் அவர்களுக்கு மணிக்கட்டு போனால் மணிக்கட்டோடு போகும். எனக்குக் காலும் சேர்ந்து போகும். உள்ளங்கையைக் குழித்து அடியில் கொடுத்து அள்ளப் பழகிய பிறகு குறைந்தது.

வெளியே போனால் மனிதர்கள். கேட்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறவர்கள், மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு "பாவம், நீ ஓய்வெடு" என்கிறவர்கள். ஒரு மருத்துவமனையில் எடை பார்க்கும் மேசை என் தலை உயரத்தில் இருந்தது. குழந்தை எத்தனை முறை பால் குடிக்கிறாள் என்ற கேள்வி பக்கத்தில் நின்ற என் கணவருக்குப் போனது. அவர் என்னைப் பார்த்தார். "எட்டு முறை" என்றேன். அடுத்த கேள்வியும் அவருக்கே போனது. 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆவது பிரிவு, பெற்றோரின் ஊனத்தைக் காரணமாக வைத்துக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. அப்படி எழுதிவைக்க வேண்டியிருந்ததே என்பதைத்தான் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்றைய தலைவலி பிரேக். கர்ப்ப காலத்தில் வயிறு இடித்துக் குனிய முடியவில்லை என்று பிரேக்குக்கு நீளமான கைப்பிடி போட்டிருந்தேன். அது இப்போது சரியாக அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. போன வாரம் படுக்கைக்கு மாறப்போகும் நேரத்தில் பின்னால் "டக்" என்று ஒரு சத்தம். இடது பிரேக்கை எடுத்துவிட்டுப் பெருமையாக நிற்கிறாள். நீளக் கைப்பிடியை நேற்றுக் கழற்றிவிட்டேன். காலையிலிருந்து வீல்சேரைச் சுற்றிச் சுற்றி வந்து தேடிக்கொண்டிருக்கிறாள்.