45 டொலர் சீடர் வேலி: காசு கொடுக்கமுன் இதை வாசியுங்கள்

கனடாவில், டொரொன்டோ ஸ்காபரோவில் எங்கள் பின்வளவுக்கு வேலியாக எமரால்ட் சீடர் என்ற பச்சை மரங்களை வரிசையாக வைக்கப் போய், போன வருஷம் 900 டொலரை மண்ணுக்குள் புதைத்தேன். சனம் மரம் நட வெளிக்கிடும் காலம் இது, அதனால்தான் எழுதுகிறேன்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் வந்த ஆள். ஆறடி மரம், நட்டுத் தருவதோடு சேர்த்து 45 டொலர், 20 மரம். ரசீது கேட்டதற்கு, "அண்ணை, ரசீது போட்டால் 13 வீதம் வரி எல்லோ" என்றார். அந்த 13 வீதம் எனக்கும் இனித்தது, பொய் சொல்லக் கூடாது. ஒக்டோபர் தொடக்கத்தில் வருவதாகச் சொன்னவர் நவம்பர் இரண்டாம் கிழமைதான் வந்தார். இரண்டு பெடியள் மூன்று மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள், முழுக் காசையும் கொடுத்தேன். எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டால், "குளிருக்கு மரம் நித்திரை அண்ணை, மிச்சத்தை ஸ்னோ பார்த்துக்கொள்ளும்."

குளிர் முழுக்க வேலி பச்சையாக நின்றது, நானும் குசினி ஜன்னலால் பார்த்துப் பெருமைப்பட்டேன். சீடர் செத்த பிறகும் வெயில் ஏறும்வரை பச்சை மாறாமல் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? ஏப்ரலில் 14 மரம் செம்பட்டை. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கத்தரிக்கன்று மாதிரிக் கையோடு வந்தது. வேர்மண்ணைச் சுற்றிய சாக்கு, கம்பிக்கூடை, தண்டை இறுக்கிய நைலோன் கயிறு எல்லாம் அப்படியே இருந்தன, ஒரு வேர்கூட வெளியே வரவில்லை. நடத் தோண்டிய கிடங்கும் அந்த மண்ணுருண்டை இறங்கும் அளவுக்குத்தான்.

போன் எடுத்தேன். "நீங்கள் தண்ணி விடேல்லைப்போல" என்றார்! அதன்பிறகு என் நம்பருக்குப் பதிலே இல்லை.

நர்சரியில் வேலை செய்யும் ஒருவரிடம் செத்த மரத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. சீடர் இலை உதிர்க்காத மரம், குளிரிலும் காற்று அதன் இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் மண் உறைந்தால் வேரால் ஒரு சொட்டும் எடுக்க முடியாது. அதனால் மண் உறைய முன் வேர் ஓடுவதற்குச் சில கிழமையாவது வேண்டும், செப்டம்பரில் நடுவது நல்லது, ஒக்டோபர் நடுப்பகுதி தாண்டினால் வசந்தம்வரை பொறுக்கலாம். நட்ட நாளிலிருந்து நிலம் உறையும்வரை அடிவேர் நனையத் தண்ணீர் விட வேண்டும். கிடங்கு வேருருண்டையைப்போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் மட்டும் அதே அளவு. கயிறு வெட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், தேத்தண்ணி போடவென்று உள்ளே போக வேண்டாம், நான் அப்படித்தான் போனேன். வாங்க முன் சின்னக் கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இல்லையென்றால் அது விறகு.

அந்த ஆளின் விளம்பரம் இந்த செப்டம்பரிலும் வட்சப்பில் சுற்றுகிறது, அதே 45 டொலர். அதில் இருக்கும் படம் என்னுடைய வேலி, நட்டு முடித்த அன்று எடுத்தது.