9.00 லாரிக்கு 10.00 டயர் ஏற்றலாமா? மீட்டரும் கியரும் சொல்லும் கணக்கு

பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் டயர் விலை கேட்டுப் போகும் நம்ம ஊர் லாரிக்காரர்கள் காதில் அடிக்கடி விழும் யோசனை ஒன்று உண்டு. (9.00, 10.00 என்பவை அங்குலத்தில் டயரின் அகலம்.) "9.00ஐ விடுங்க அண்ணே, 10.00 போட்டுக்கோங்க. லோடும் தாங்கும், மைலேஜும் வரும்." லோடு தாங்கும் என்பது பாதி உண்மை. டயர் தாங்கும். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடை ஏறாது, ஆக்சிலும் ஸ்பிரிங் பட்டையும் பழையவைதான். மைலேஜ் வரும் என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனியிலிருந்தே 9.00 R20 போட்டு வந்த ஆறு சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். அதே அளவில் தொடரலாம், 10.00 R20க்கு ஏறலாம், அல்லது ட்யூப்லெஸ் பக்கம் போகலாம். விலையை விட முதலில் பார்க்க வேண்டியது டயரின் மொத்த உயரம். புது 9.00 R20 சுமார் 1,018 மி.மீ. 10.00 R20 சுமார் 1,054. வித்தியாசம் மூன்றரை சதவீதம். ட்யூப்லெஸ்ஸில் 295/80 R22.5 (அகலம் 295 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம்) சுமார் 1,044. 10 R22.5 கிட்டத்தட்ட 9.00 உயரம்தான். ரிம் 20க்குப் பதில் 22.5, அதாவது இரண்டரை அங்குலம் பெரிதாக இருந்தும் உயரம் ஏறவில்லை, ஏனென்றால் பக்கச்சுவர் அந்த அளவுக்குக் குட்டை.

பட்டியலை நம்ப மனமில்லை என்றால் சாக்பீஸ் போதும். லோடு ஏற்றிய வண்டியில் டயருக்கும் தரைக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, டேப் வைத்து அளந்தால் 9.00 டயர் ஏறக்குறைய 3.10 மீட்டர் போகும், 10.00 டயர் 3.21 மீட்டர். வண்டியின் வேக மீட்டருக்கு இந்த 11 செ.மீ. தெரியாது. அது எண்ணுவது கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் சுற்றை மட்டும். டயர் எவ்வளவு பெரிது என்பது கம்பெனியில் எழுதிவைத்த கணக்கு.

ஆகவே 10.00 போட்டபின் மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83ஐ ஒட்டி ஓடும். சரக்கு வண்டிகளுக்கு 80இல் கட்டிப்போடும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதே சுற்றுக் கணக்கைத்தான் நம்புகிறது, அதனால் அதுவும் சேர்ந்து ஏமாறும். பொதுவாகக் கம்பெனிக்காரர்கள் மீட்டரைக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி வைப்பார்கள். அந்த இடைவெளி இதில் பாதியை விழுங்கலாம், முழுக்கவும் விழுங்கலாம். எவ்வளவு என்று செல்போன் ஜி.பி.எஸ். வைத்து ஆளில்லா ரோட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. ரோட்டோர கேமராவிடம் "மீட்டர் எண்பதுதான் காட்டுச்சு" என்று சொல்ல முடியாது.

வேகத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது கிலோமீட்டர் கணக்கு. உண்மையில் 400 கி.மீ. ஓடி 80 லிட்டர் குடித்தால் மைலேஜ் 5. ஆனால் திருத்தாத மீட்டர் 386 சொச்சம்தான் காட்டும், டிரிப் நோட்டில் 4.83 என்று ஏறும். ஓனர் கணக்குப் போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட மூணு லிட்டர் காணோம். அப்புறம் என்ன, பழி டிரைவர் தலையில். டயர் மாற்றிய மாதத்தில் டீசல் சண்டை ஆரம்பித்தால் முதலில் டயரைத்தான் சந்தேகப்பட வேண்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிறவருக்கு இதே கணக்கு வேறு பக்கம் கடிக்கும். சென்னைக்கு 350 என்றால் மீட்டர் 338 என்று காட்டி நிற்கும். ஒரே ஆறுதல், ஆயில் மாற்றும் கணக்கு கெடாது. மீட்டர் காட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டாப் கியரில் எஞ்சின் சுற்றும் சுற்று முன்பு போலவேதான் இருக்கும்.

மீட்டரைச் சரிசெய்வது ஒன்றும் பெரிய வேலையில்லை. புது வண்டிகளில் சர்வீஸ் சென்டர் லேப்டாப்பில் டயர் கணக்கை மாற்றினால் போதும். கேபிள் வைத்த பழைய வண்டிகளில் மீட்டரை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். ஆனால் கியரை லேப்டாப்பில் மாற்ற முடியாது.

41/7 கிரௌன் பினியன் (பின் ஆக்சிலைச் சுற்றும் பல்சக்கர ஜோடி, 41 பல்லும் 7 பல்லும்) இருக்கும் வண்டியில் பின் ஆக்சில் ரேஷியோ 5.86, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.86 சுற்றுச் சுற்றும். டயர் மூன்றரை சதவீதம் பெருத்தால், வண்டிக்கு அது 5.66 போட்ட மாதிரி. டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று என்றால், 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1,885 சுற்றில் ஓடிய எஞ்சின் இப்போது 1,820இல் ஓடும். கிருஷ்ணகிரி தாண்டிச் சமதளத்தில், பாதி லோடில் இது சுகம்தான். சத்தம் குறையும், டீசலும் கொஞ்சம் மிஞ்சலாம். கடைக்காரர் சொல்வது இந்த இடத்தில் மட்டும் உண்மை.

ஹெப்பாள் மேம்பால ஏற்றத்தில் முழு லோடோடு நின்று கிளம்பும்போது கதை மாறும். ஃபர்ஸ்ட் கியரும் அதே அளவு நீண்டுவிட்டது, தள்ளும் சக்தி மூன்றரை சதவீதம் போச்சு. அந்த விலையைக் கிளட்ச் பிளேட்தான் தேய்ந்து கொடுக்கும். சாம்ராஜ்நகர் வழியாகக் கோயம்புத்தூர் லைன் ஓடுகிறவர் திரும்பும்போது திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் ஏற வேண்டும். முன்பு மூன்றாவதில் இழுத்த இடத்தில் இரண்டாவது கேட்கும்.

இறக்கம் இன்னும் மோசம். சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் பழக்கப்பட்ட கியரில் பழக்கப்பட்ட வேகத்தில் இறங்கினால், எஞ்சின் சுற்று குறைவாக இருப்பதால் எஞ்சின் பிடிக்கும் பிடியும் குறையும். டிரம் அதே டிரம், சக்கரம் பெரிசு, ஆகவே பிரேக்கும் அதே மிதிக்கு அவ்வளவு பிடிக்காது. சதவீதமாகப் பார்த்தால் சின்னது. பிரேக் காய்ந்து புகை வந்த லாரிகளைப் பார்த்துப் பழகிய அந்த ரோட்டில் சின்னதைக் கூட நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதோடு பின்சக்கர ஜோடியில் இரண்டு டயருக்கும் நடுவே உள்ள இடம் சுமார் 2 செ.மீ. சுருங்கும், கல் சிக்கும். ரிம்மும் 7.0 அங்குலத்துக்குப் பதில் 7.5 கேட்கும். கம்பெனி ஒப்புக்கொண்ட அளவுப் பட்டியலில் 10.00 இல்லையென்றால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனையில்) கேள்வி வரும்.

அதனால் 9.00 வண்டிக்காரர் ட்யூப்லெஸ் ஆசைப்பட்டால் என் ஓட்டு 10 R22.5க்குத்தான். மீட்டரும் கியரும் அசையாது. எல்லாக் கடை ரேக்கிலும் இருக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கலாம். 295/80 R22.5 எளிதாகக் கிடைக்கிறது என்று அதைப் போட்டால் இரண்டரை சதவீதம் ஏறும். மலை ரூட் இல்லாதவர் மீட்டரைத் திருத்திக்கொண்டு ஓட்டலாம்.

முதலிலிருந்தே 10.00 R20 போட்ட வண்டிக்கு இந்தத் தலைவலி இல்லை. 295/80 R22.5 அதைவிட ஒரு சதவீதம் குட்டை, 295/90 R20 ஒன்றரை சதவீதம். பட்டன் (டயர் மேல் பள்ளத்தின் ஆழம்) 15 மி.மீ. இருக்கும் புது டயர் 3 மி.மீ. வரை தேய்ந்தால் அதுவே இரண்டு சதவீதத்துக்கு மேல் உயரம் குறைகிறது. இதற்கு மீட்டரைத் தொடவே வேண்டாம். 295/90 பழைய 20 அங்குல அளவிலேயே வருவதால் ரிம் செலவும் பெரும்பாலும் மிச்சம். 22.5க்குப் போனால் லாக் ரிங் (டயரை ரிம்மில் பூட்டும் வளையம்), ட்யூப், பிளாப் (ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவே வரும் ரப்பர் பட்டை) தொல்லை ஒழியும். ஆனால் ரிம் முழு செட்டும் மாற வேண்டும், ஸ்டெப்னி உட்பட. ஸ்டெப்னியை மட்டும் பழைய அளவில் விட்டு, பஞ்சரானதும் பின் ஜோடியில் ஒன்று உயரம் ஒன்று குட்டை என்று மாட்டினால், உயரமான டயர் இரண்டு பேர் சுமையைத் தூக்கிச் சூடாகி வெடிக்கும்.