குடமுருட்டிக் கரையில் 12 வருஷ ரோஜா

தஞ்சை மாவட்டம் பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையோரம் எங்கள் வீடு. 2013-ல் கொல்லையில் முதல் ரோஜா வைத்தேன். அதிலிருந்து 40 செடிக்கு மேல் வாங்கியிருப்பேன். இன்று உயிரோடு நிற்பது 17. போன செடிகளில் பெரும்பாலானவை நோயால் போகவில்லை. எந்த வகை என்று கேட்காமல் நிறத்தைப் பார்த்து வாங்கி, எல்லாவற்றையும் ஒரே மாதிரி வளர்த்ததால்தான் போயின. நம் பக்கம் ரோஜா வைக்க நினைப்பவர்களுக்கு அந்த நஷ்டம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தை பிறந்தால் எங்கள் தெருவுக்கு ஒரு செடி வண்டி வரும். "வருஷம் பூரா பூக்கும்க்கா, கொத்துக் கொத்தா பூக்கும்" என்று ஆரஞ்சு, மஞ்சள், இரண்டு நிறம் கலந்தது என்று இறக்கி வைப்பார்கள். அவை பெரும்பாலும் ஹைப்ரிட் டீ. நீளக் காம்பு, காம்புக்கு ஒரு பூ, கூம்பு போல எழும் மொட்டு. பொக்கேயில் பார்க்கும் ரோஜா இந்த வகைதான். பிரான்சில் கியோ என்பவர் 1867-ல் கொண்டுவந்த 'லா பிரான்ஸ்' என்ற செடியைத்தான் முதல் ஹைப்ரிட் டீ என்கிறார்கள். அதற்கு முன்பே இருந்த ரோஜா வகைகள் பழைய தோட்ட ரோஜாக்கள், அப்புறம் வந்தவை நவீன ரோஜாக்கள் என்று கணக்கு.

ஹைப்ரிட் டீ நம் ஊரில் தையிலிருந்து மாசி வரை மனசை அள்ளும். பறித்துத் தண்ணீரில் வைத்தால் நாலு நாள் தாங்கும். சித்திரை வெயில் ஏறியதும் அதே செடி பாதி அளவில் பூத்து, காலையில் விரிந்தது மறுநாளே தொங்கிவிடும். அடர் சிவப்பு என்றால் இதழ் ஓரம் கருகும். இது செடியின் குற்றமில்லை. இந்த வகையின் குணம் தெரியாமல் மே மாதத்தில் உரத்தை அள்ளிப் போட்டு, நல்ல செடி இரண்டைக் கெடுத்தேன். வெயில் காலத்தில் அதைச் சும்மா விட வேண்டும். வேரில் வைக்கோல் மூடாக்கு, காலையில் தண்ணீர், அவ்வளவுதான்.

வேறொரு ரோஜாவின் வேரில் நல்ல ரகத்தை ஒட்டி வளர்க்கும் ஒட்டுச் செடி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வண்டியில் வாங்கிய ஒரு மஞ்சள் ரோஜா மூன்றாம் வருஷம் அடியிலிருந்து ஒரு தளிர் விட்டது. பென்சில் தடிமன், முள்ளே இல்லை, ஒரு மாதத்தில் என் தோளுக்கு வந்துவிட்டது. செடி தெம்பாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு அதற்குக் கொம்பு வேறு நட்டுக் கட்டினேன். வருஷம் முழுக்க ஒரு மொட்டுகூட வரவில்லை. அதற்குள் மஞ்சள் பூத்த கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: தளிர் வந்திருந்தது, ஒட்டிய இடத்தில் இருக்கும் முடிச்சுக்குக் கீழே. நான் ஒரு வருஷமாக வளர்த்தது வேர்ச்செடியை. ஒரு இலைக்காம்பில் ஏழு இலை இருந்தால் அது வேர்ச்செடியின் காட்டுக் கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று பலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு இலை வரும். தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். முடிச்சுக்குக் கீழே என்றால் கத்தரிக்காமல், பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துக் கிழித்துவிடுங்கள். கத்தரித்தால் அங்கேயே மறுபடி துளிர்க்கும்.

வண்டிச் செடியின் வேரைச் சுற்றி இறுகிய செம்மண் உருண்டை இருக்கும். அதை அப்படியே நம் களிமண்ணில் புதைத்தால் வேர் வெளியே வர வழி தேடித் திணறும். நடுவதற்கு முன் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, உருண்டையை மெதுவாகத் தளர்த்துங்கள். எங்கள் வண்டல் மண்ணில் சத்துக்குக் குறைவில்லை, வடிகால்தான் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் போதும், கீழ் இலை மஞ்சளாகி உதிரும். இப்போது ஒன்றரை அடி மேட்டுப்பாத்தி போட்டு, வல்லம் பக்கத்துச் செம்மண்ணும் மாட்டு எருவும் கலந்துதான் நடுகிறேன்.

அதே கொல்லையில், தண்ணீர் நின்ற அதே இடத்தில், ஒரு செடி மட்டும் எதற்கும் அசையவில்லை. என் அத்தை அம்மாபேட்டையில் தன் பிறந்த வீட்டிலிருந்து குச்சி கொண்டுவந்து ஊன்றிய பன்னீர் ரோஜா. இளஞ்சிவப்பு, கொத்தாகப் பூக்கும், வாசல் வரை மணக்கும். ஒட்டு இல்லை, சொந்த வேர். மேலே என்ன ஆனாலும் அடியிலிருந்து அதே பூதான் திரும்ப வரும்.

இதைப் பன்னீர் ரோஜா என்கிறோமே தவிர, பன்னீரும் அத்தரும் எடுக்கும் டமாஸ்க் ரோஜா வேறு. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் ரோஜா அத்தர் காய்ச்சுவது அதில்தான். அது பெரும்பாலும் வருஷத்தில் ஒரு பருவம்தான் பூக்கும், குளிர்காலமும் கேட்கும். பன்னிரண்டு மாதமும் பூக்கும் நம் கொல்லைச் செடி, பூச்சந்தையில் எட்வர்ட் ரோஸ் என்று சொல்லும் போர்பன் வகை. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு அந்தக் காலத்தில் போர்பன் என்று பெயர். சீன ரோஜாவும் டமாஸ்க் இனமும் கலந்து 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பேர்பெற்றது இது. சீன ரோஜாவிடமிருந்து விடாமல் பூக்கும் குணமும் டமாஸ்க்கிடமிருந்து வாசமும் வந்தன. எட்வர்ட் என்றதும் இங்கிலாந்து ராஜா நினைவுக்கு வரும், ஆனால் அது 'ரோஸ் எதுவார்' என்ற பிரெஞ்சுப் பெயர். இதை அத்தையிடம் சொன்னபோது, "எந்தத் தீவா இருந்தா என்னம்மா, எங்கம்மா வச்ச பூ" என்றார்.

எட்வர்டைப் பறிப்பதிலும் வித்தியாசம் உண்டு. காலை ஆறு மணிக்கு, பனி இருக்கும்போது, பூவுக்கு அடியில் பச்சைப் பகுதியைப் பிடித்துக் கிள்ள வேண்டும். இதழைப் பிடித்தால் பூ மொத்தமும் கையோடு உதிர்ந்து வந்துவிடும். ஈர வாழையிலையில் மடித்து வைத்தால் மதியம் வரை தாங்கும். உதிர்ந்த இதழையும் கற்கண்டையும் மாற்றி மாற்றி ஜாடியில் அடுக்கி வெயிலில் வைத்து, அத்தை வருஷா வருஷம் குல்கந்து போடுவார்.

ஹைப்ரிட் டீக்கும் எட்வர்டுக்கும் நடுவே இருப்பது ஃப்ளோரிபண்டா. ஹைப்ரிட் டீயின் நிறமும், சின்னப் பூக்கள் கொத்தாகப் பூக்கும் பாலியாந்தா வகையின் கொத்தும் சேர்ந்தது. தனிப்பூவின் அழகு குறைவு, எண்ணிக்கை அதிகம். ஜெர்மனியின் கோர்டெஸ் 1958-ல் வெளியிட்ட வெள்ளை 'ஐஸ்பெர்க்' என்னிடம் எட்டு வருஷமாக இருக்கிறது. முள் குறைவு, வெயிலையும் ஓரளவு பொறுக்கும். ஆனால் மழையில் கரும்புள்ளி வரும். இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால்தான் அந்தப் பூஞ்சை முளைக்கும், அதனால் மாலையில் இலை மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை விட்டேன். பட்டன் ரோஸ், காஷ்மீர் ரோஸ் என்று விற்கும் சின்னப் பூக்கள் தொட்டிக்கு நல்லவை; செஞ்சிலந்தி என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மட்டும் இலையின் அடிப்பக்கம் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கொடி ரோஜா ஒன்று வைத்திருந்தேன். நிமிர்த்திக் கட்டியவரை நுனியில் மட்டும் பூத்தது. கிளைகளைக் கம்பிவேலியில் படுக்கவாட்டில் கட்டியதும் கணுவுக்குக் கணு துளிர்த்து வேலி முழுக்கப் பூத்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் வேலியோடு போய்விட்டது. மறுபடி வைக்க இன்னும் மனம் வரவில்லை.

கவாத்துக்கு ஐப்பசியிலேயே பலர் கத்தி எடுப்பார்கள். டெல்டாவில் அப்போது அடைமழை. வெட்டுவாயில் ஈரம் இறங்கி நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். மழை விட்டு மார்கழி பிறந்த பிறகு வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசுகிறேன். ஹைப்ரிட் டீயை முழங்கால் உயரத்துக்கு வெட்டலாம். 45 நாளில் பூ. எட்வர்டை அவ்வளவு வெட்ட வேண்டாம், காய்ந்ததையும் பின்னிக் கிடப்பதையும் எடுத்தால் போதும்.

முதல் செடி எது என்று கேட்டால், தயங்காமல் எட்வர்ட் என்பேன். அது ஒரு மழைக்காலம் தாண்டட்டும், அப்புறம் மேட்டுப்பாத்தியில் ஒரு ஐஸ்பெர்க், கடைசியாக ஹைப்ரிட் டீ. எட்வர்ட் குச்சிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இந்த மார்கழியில் கவாத்து செய்தபோது விழுந்த குச்சிகளில் பென்சில் தடிமன் உள்ளதாக ஒன்பது ஊன்றியிருக்கிறேன். ஆறு துளிர்த்திருக்கிறது. இரண்டு பக்கத்து வீட்டுக்கு என்று அத்தை இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.