இந்தியக் கடவுச்சீட்டும் யாழ்ப்பாண முகவரியும்: ஒரு விசா உதவி நிலையத்தில் நான் பெற்ற சேவை

நான் திருச்சியில் பிறந்தவள். 1990இல் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்த ஒரு குடும்பத்தின் மூத்த மகனைத் திருமணம் செய்து, போர் முடிந்த பின்னர் அவருடன் யாழ்ப்பாணம் வந்து கோப்பாயில் குடியிருக்கிறேன். கணவர் இலங்கைக் குடிமகன். நான் இன்றுவரை இந்தியக் கடவுச்சீட்டையே வைத்திருக்கிறேன். இங்கே வாழ்வது வாழ்க்கைத்துணைக்குரிய வதிவிட விசாவில். 2025 ஆவணியில் பாரிஸில் கணவரின் தம்பி தன் மகளுக்கு, எங்கள் பெறாமகளுக்கு, கல்யாணம் வைத்தார். படுக்கையில் இருக்கும் மாமியை விட்டுவிட்டுக் கணவரால் வர முடியாது என்பதால், குடும்பத்தின் சார்பில் நான் மட்டும் போவதென்று முடிவாயிற்று. அந்தக் குறுகிய கால விசாவுக்கு விண்ணப்பிக்க எனக்கு உதவிய யாழ். நகரத்துச் சிறிய நிலையம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். என்னைப்போல இந்தியக் கடவுச்சீட்டுடன் இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்த நிலையத்துக்குப் போவதற்கு முன் வேறொரு முகவரிடம் ஏமாந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் என் கடவுச்சீட்டைப் பார்த்தவுடனேயே, “இந்தியன் பாஸ்போட்டுக்கு இப்ப அஞ்சு வருச விசா குடுக்கிறாங்கள், அக்கா” என்று சொல்லி 50,000 ரூபா முற்பணம் வாங்கிக்கொண்டார். அடுத்த கிழமை போனபோது, நான் ஒரு நிறுவனத்தில் கணக்காளராக வேலை செய்வதாக ஒரு கடிதம் தயாராக இருந்தது. நான் ஒரு நாளும் கணக்காளராக வேலை செய்ததில்லை. கடிதத்தை வேண்டாம் என்றேன்; முற்பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

அவர் சொன்ன ஐந்து வருட விசா முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் அது ஆபத்தானது. 2024 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பிய ஆணைக்குழு இந்தியர்களுக்காக ஒரு தளர்வைக் கொண்டுவந்தது: முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) பெற்று, அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, பலமுறை நுழையக்கூடிய இரண்டு வருட விசாவும், அதன் பின்னர் கடவுச்சீட்டின் காலம் இடங்கொடுத்தால் ஐந்து வருட விசாவும் வழங்கலாம் என்பது அது. ஆனால் அந்தத் தளர்வு இந்தியாவில் வசித்து இந்தியாவிலேயே விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு உரியது. கோப்பாயில் வசிக்கும் எனக்கு, அதுவும் முதல் தடவையாக விண்ணப்பிக்கும் எனக்கு, அதில் பங்கில்லை. இதை எனக்கு முதலில் விளக்கியவர், நான் பின்னர் போன நிலையத்தின் உரிமையாளர்.

அவருடைய இடம் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு போட்டோப் பிரதிக் கடையின் மேல்மாடியில் இருக்கிறது. இரண்டு மேசைகள், ஒரு ஸ்கானர், சுவர் நிறையக் கோப்புகள், அவ்வளவுதான். விசா எடுத்துத் தருவேன் என்று அவர் சொல்வதில்லை. விசா கொடுப்பது தூதரகம், கொழும்பிலுள்ள விண்ணப்ப நிலையம் ஆவணங்களையும் கைரேகையையும் வாங்கி அனுப்புவதோடு சரி, தன் வேலை பத்திரங்களை ஒழுங்குபடுத்துவது மட்டும் என்று முதல் நாளே தெளிவாகச் சொன்னார். கட்டணம் 7,500 ரூபா. அதில் பாதியை விண்ணப்பம் கையளித்த பின்னர்தான் வாங்கினார்.

முதற்கேள்வியாக அவர் கேட்டது பணத்தைப் பற்றியல்ல. என் கடவுச்சீட்டைப் புரட்டி, வதிவிட விசா குத்தியிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “அக்கா, இது செப்டெம்பர் பத்தாம் திகதி முடியுது. நீங்கள் பாரிஸிலயிருந்து திரும்பிறது செப்டெம்பர் பதினாலு. எந்த விசாவில திரும்ப உள்ள வரப்போறீங்கள்?” என்று கேட்டார். முந்தைய முகவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தார். நானும் எத்தனையோ முறை பார்த்திருந்தேன். ஒருவர் கண்ணிலும் படவில்லை. திரும்பிப் போவாரா என்பதே விசா அதிகாரியின் முதற் சந்தேகம்; வேற்று நாட்டில் வசிக்கும் இந்தியர் விடயத்தில், திரும்பி வர உரிமை இருக்கிறதா என்ற இரண்டாவது கேள்வியும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அவர் சொன்னபடி, எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, குடிவரவுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லைக்குப் போய் வதிவிட விசாவைப் புதுப்பித்துக்கொண்டு வந்த பிறகே விண்ணப்பத்தைத் தொடங்கினோம். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். நாங்கள் மார்ச்சிலேயே அவரிடம் போனதால் நேரம் இருந்தது.

இந்தியக் கடவுச்சீட்டுதானே, திருச்சிக்குப் போய்ச் சென்னை வழியாகப் போடுங்கள் என்று உறவினர் பலர் ஆலோசனை சொன்னார்கள். அதையும் அவர் மறுத்தார். விண்ணப்பதாரர் சட்டப்படி எங்கே வசிக்கிறாரோ அந்த இடத்துக்குப் பொறுப்பான தூதரகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் திருச்சி முகவரி அச்சாகியிருப்பதால் நான் அங்கே வசிப்பவள் ஆகிவிடமாட்டேன். அந்தப் பக்கத்தின் பிரதியையும் கட்டாயம் வைத்து, கோப்பாய்க் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழை அதற்குப் பக்கத்திலேயே வைத்தார். இரண்டு முகவரிகளும் முரண்படுவதை அதிகாரி தானாகக் கண்டுபிடிக்க விடாமல், நாமே காட்டி நாமே காரணம் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய முறை. அந்த முறை சரியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணக் கணக்கு பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் எங்கள் ஊரில் அதிகம் பிழை விடுவது இங்கேதான். பிரான்ஸில் உறவினர் வீட்டில் தங்குபவர் நாளொன்றுக்கு 32.50 யூரோ வீதம் காட்ட வேண்டும். விடுதியில் தங்கினால் 65 யூரோ. எனக்கு 28 நாட்கள், ஆகவே 910 யூரோ. என் வங்கிக் கணக்கில் அதற்கு மேலேயே இருந்தது. ஆனால் வங்கிக் கூற்றை அவர் மேசையில் விரித்து, பென்சிலால் வரிவரியாக இறங்கி, ஏப்ரல் மாதத்தில் ஒரே நாளில் விழுந்த மூன்று இலட்சம் ரூபாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அது சீட்டு எடுத்த காசு. விசாவுக்காக யாரிடமோ கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, பின்னர் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் தூதரகத்துக்கு நன்றாகத் தெரியும் என்றும், காரணம் தெரியாத காசு இருப்பதைவிடக் காசு குறைவாக இருப்பது நல்லது என்றும் சொன்னார். சீட்டுப் பிடிக்கும் அம்மாவிடமிருந்து மாதாமாதம் நான் கட்டிய தொகைகளுடன் ஒரு கடிதம் வாங்கி, கட்டுக்காசு என் கணக்கிலிருந்து வெளியேறிய வரிகளையும் அதே பென்சிலால் குறித்து, இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தார். அரசாங்கப் பாடசாலை ஆசிரியரான கணவரின் சம்பளச் சிட்டையும், செலவைத் தானும் பொறுப்பேற்கிறார் என்ற கடிதமும் அதன் பின்னால் வந்தன.

தங்குமிடத்துக்கு விடுதிப் பதிவு தேவைப்படவில்லை. மைத்துனர் தன் ஊரான லா கூர்னேவின் நகரசபையில், அங்குள்ள நம்மவர்கள் ‘மேரி’ என்று சொல்லும் இடத்தில், என்னை வீட்டில் ஏற்றுக்கொள்வதாக உறுதிப்பத்திரம் எடுத்து அனுப்பினார். அதற்கு அப்போது 30 யூரோ முத்திரைக் கட்டணம். பத்திரம் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. வீட்டின் அளவையும் வருமானத்தையும் நகரசபை பார்க்கும். மூலப்பத்திரமே வேண்டும், வாட்ஸ்அப்பில் வரும் படம் உதவாது என்பதால், விடுமுறைக்கு ஊர் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பாரிஸ் விமான நிலையத்தில் அதிகாரி கேட்கக்கூடும் என்பதால், மூலத்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கும்படியும் அறிவுறுத்தப்பட்டேன்.

சுவிஸ் வழியாகப் போட்டால் இலகு என்று இன்னொரு கதை ஊரில் உலவுகிறது. 29 ஷெங்கன் நாடுகளுக்கும் ஒரே விசா என்பதால் பேர்ணிலுள்ள மாமியின் தங்கையையும் நான் பார்த்துவர முடிந்தது உண்மைதான். ஆயினும் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். லண்டன் இதில் சேராது. அதற்கு வேறு விசா.

இனிக் குறைகள். விண்ணப்பத்தோடு வைக்கும் விளக்கக் கடிதத்தை இந்த நிலையத்தார் ஒரே அச்சில் வார்த்து வைத்திருக்கிறார்கள். ஈபிள் கோபுரத்தைக் காண்பது என் சிறுவயதுக் கனவு என்று அதில் இருந்தது. நான் போவது கல்யாணத்துக்கு. அதை நீக்கிவிட்டு, யாருடைய கல்யாணம், மணமகள் எனக்கு என்ன உறவு, மாமியைப் பார்க்க நான் ஏன் திரும்பியாக வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் நானே எழுதினேன்.

இரண்டாவது பிழை பெரியது. என் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் வெறுமையாக இருக்கிறது. என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து மற்ற வரியில் அச்சாகியுள்ளன. தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகளில் இது சாதாரணம். நிலையத்தில் தட்டச்சு செய்த பிள்ளை, இலங்கை வழக்கத்தில் அப்பாவின் பெயரைப் பிரித்துக் குடும்பப்பெயர் ஆக்கிவிட்டாள். பயணக் காப்புறுதியிலும் அப்படியே வந்துவிட்டது. இரவு பஸ்ஸில் ஏறி, கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் பயணம் செய்து கொழும்பு போய் இறங்கி, விண்ணப்ப நிலையத்தின் முகப்பில் நின்றபோதுதான் அங்குள்ள பெண் அதைச் சுட்டிக்காட்டினார். வெளியே வந்து தொலைபேசி எடுத்தால் யாழ்ப்பாணத்தில் யாரும் எடுக்கவில்லை. நாற்பது நிமிடங்கள் கழித்து உரிமையாளரே அழைத்து, திருத்திய படிவத்தையும் புதிய காப்புறுதியையும் அனுப்பினார். அன்றைய நேரம் தவறியிருந்தால் இன்னொரு நாள், இன்னொரு இரவு பஸ். இந்தியக் கடவுச்சீட்டை அடிக்கடி கையாளும் இடம் இந்தப் பிழையை விடக்கூடாது. குடும்பப்பெயர் வெறுமையாக உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்து, எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அலைந்த பின்னரும், இது தெரியாமல் இருக்க நியாயமில்லை. உரிமையாளர் மன்னிப்புக் கேட்டார். மீதிக் கட்டணத்தில் 1,500 ரூபாவைக் குறைத்துக்கொண்டார். நீங்கள் போனால், ஒவ்வொரு படிவத்திலும் உங்கள் பெயரைக் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே எழுந்திருங்கள்.

காப்புறுதியையும் அவரிடமே வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவையும் நாடு திரும்பும் செலவையும் ஏற்கும், ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லும் காப்புறுதி எதுவானாலும் போதும். அவர் கொடுத்தது வெளியில் விசாரித்ததைவிடக் கூடிய விலை. விமானச்சீட்டு விடயத்தில் அவர் நேர்மையாக இருந்தார். விசா வரும்வரை காசு கட்டிச் சீட்டு வாங்க வேண்டாம், முன்பதிவு போதும் என்றார்.

விசாக் கட்டணம் 90 யூரோவுக்கு நிகரான ரூபா. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12ஆம் நாள் கடவுச்சீட்டு திரும்பி வந்தது. ஒட்டப்பட்டிருந்த விசாவில் ஓகஸ்ட் 18 முதல் செப்டெம்பர் 29 வரை என்று இருந்ததைக் கண்டு, இன்னும் இரண்டு கிழமை கூடத் தங்கலாம் என்று மைத்துனர் தொலைபேசியில் மகிழ்ந்தார். நிலையத்துக்கு எடுத்துப் போனபோது உரிமையாளர் அதற்குக் கீழேயிருந்த 28 என்ற எண்ணைக் காட்டினார். திகதிகள் பயணம் தள்ளிப்போனால் உதவுவதற்காக 15 நாள் கூட்டித் தரப்படுபவை; தங்கக்கூடியது 28 நாட்கள்தான், வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் அதில் அடக்கம். இதை அறியாமல் ஒரு நாள் கூடத் தங்கியவருக்கு அடுத்த விசா எவ்வளவு கடினமாகும் என்பதைச் சொல்லி, வாசலுக்கு வந்த பின்னும் இன்னொரு முறை நினைவூட்டினார்.

கல்யாணம் முடிந்து, குறித்த நாளிலேயே திரும்பி வந்து, ஒக்ரோபரில் அந்த மேல்மாடிக்கு மீண்டும் போனேன். நுழைந்த முத்திரையும் வெளியேறிய முத்திரையும் உள்ள பக்கங்களை அவர் பிரதி எடுத்து, என் கோப்பில் கோத்துக்கொண்டார். ஜூனில் கொடுத்த பத்து விரல் ரேகைகளும் 59 மாதங்களுக்குச் செல்லும் என்று சொல்லி, கோப்பின் அட்டையில் அதே பென்சிலால் ‘கைரேகை: 2030 மே’ என்று எழுதி, சுவரிலிருந்த தட்டில் திரும்ப வைத்தார்.