ஆறு லட்சத்தில் புதுசாக்கலாம் என்ற வீட்டுக்குப் பதினேழரை லட்சம் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்தவர்

கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. திண்ணை, முற்றம், ரெட்டைக் கதவு எல்லாம் உண்டு, ஆனால் பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்ததில் பின்கட்டுக் கூரை பாதி சரிந்துவிட்டது. தரகர் கூட்டி வந்த காண்ட்ராக்டர் வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஆறு லட்சத்துல புதுசாக்கிடலாம் சார்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்துச் செலவுக் கணக்குப் போட்டுத் தரும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். கட்டணம் 6,000 ரூபாய்.

போனில் முதலில் சொன்னதே எனக்குப் பிடித்துப்போனது. "ரெண்டு நாள் மழை பெய்யட்டும், அப்புறம் போவோம்." ஒழுகுகிற வீட்டை வெயிலில் பார்த்து என்ன தெரியும்?

ஏணி, டார்ச், தூக்குக்குண்டு, சுத்தியல், நீளமான ஸ்க்ரூ டிரைவர், கூட ஒரு கொத்தனார் என்று வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்க்கவே இல்லை, ஏணியைப் போட்டு நேராக உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு ஏறிவிட்டார். நடுவில் மரம் நன்றாகவே இருக்குமாம், சுவரின் ஈரம் படுகிற முனைதான் முதலில் உளுக்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். இரண்டு உத்திரங்களில் சத்தம் பொத்தென்று வந்தது, ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினால் பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே இருந்து பார்த்தவர்கள் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. சுவரில் அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்திருந்ததற்கும் காரணம் சொன்னார்: சுண்ணாம்புச் சுவர்மேல் யாரோ பிற்பாடு சிமெண்டு பூசியிருக்கிறார்கள், உள்ளே ஏறும் ஓதம் வெளியேற வழி இல்லை, அதைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் சுண்ணாம்பே பூச வேண்டும்.

வடக்குச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அதைப் பார்த்து நான் பயந்துதான் போயிருந்தேன். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, விரிசலின் குறுக்கே சிமெண்டு வில்லை ஒன்றை வைத்துத் தேதி எழுதச் செய்தார். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம், வில்லை உடையவில்லை. பழைய விரிசல், அசைவு நின்றுவிட்டது என்று அஸ்திவார வேலையையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்.

கடைசியில் வந்த கணக்கு: கூரை மரமும் ஓடும் 6,40,000, சுவர் 3,20,000, கரண்ட், தண்ணீர், கழிவறை, செப்டிக் டேங்க் 4,10,000, தரை, கதவு, பெயிண்ட் 1,50,000. எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதம் சேர்த்து மொத்தம் 17,48,000. அந்தத் தாளை வீட்டுக்காரர் முன்னால் வைத்துத்தான் பேசினேன், விலையில் ஐந்து லட்சம் குறைந்தது. முத்திரைத்தாள் 7, பதிவு 2 என்று 9 சதவீதம் பத்திரத்துக்கே போகிறதே, அந்தக் குறைப்பு இல்லாவிட்டால் நான் விலகியிருப்பேன்.

குறைகளும் உண்டு. இடிபாடு அள்ளும் கூலி கணக்கில் இல்லை. எங்கள் சந்துக்குள் டிராக்டர் நுழையாது, ஆள் வைத்துத் தெருமுனை வரை சுமந்ததில் 55,000 ஆயிற்று. அதைவிட முக்கியம் பொதுச்சுவர். பக்கத்து வீட்டுக் கூரையைத் தாங்கும் கைமரங்களும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன, அதை அவர் பார்த்தும் "பேசிக்கிட்டா சரியாயிடும்" என்று வாயால் சொன்னதோடு விட்டுவிட்டார். வேலை ஒரு மாதம் அங்கேயே நின்றது. வாங்குவதற்கு முன்பே எழுத்தில் தந்திருக்க வேண்டிய விஷயம் அது.

மொத்தத்தில் 18,90,000 ஆனது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். தம்பி மயிலாடுதுறையில் ஒரு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான், அதற்கும் இவரைத்தான் கூப்பிட்டிருக்கிறோம், குப்பைக் கூலியையும் பொதுச்சுவரையும் சேர்த்து எழுதித் தரும்படி முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.