"வீட்டிலேயே பிறந்து வளர்ந்த தவளை" என்றால், ஈ வளர்க்கும் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள்

தெகிவளைப் பக்கம் ஒருவர் நீல நிற நச்சு அம்புத் தவளைகளைச் சோடியாக விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருக்கு 75,000 ரூபாய் முற்பணம் அனுப்பி ஏமாந்தேன். அதே கதையை நம்பி இன்னொருவர் பணம் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

"அண்ணா, இது வெளியில இருந்து வந்ததில்லை, எங்கட தொட்டியிலேயே பொரிச்ச குஞ்சுகள் வளர்ந்து சோடி சேர்ந்தது, பேப்பர் ஒன்றும் தேவைப்படாது" என்று தொலைபேசியில் சொன்னார். பாதிப் பணம் வந்த பிறகுதான் தவளைகளைக் காட்டுவதாகவும் சொன்னார். இரண்டு வருடங்களாக இத்தவளைகளைப் பற்றித் தேடிப் படித்து, கண்ணாடித் தொட்டியும் செய்து வைத்திருந்த எனக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் அக்காவின் மகனை அழைத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். மேல்மாடி அறையில் குளிரூட்டி இல்லை. தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானி 31 பாகை காட்டியது. தென் அமெரிக்காவிலுள்ள சுரினாம் நாட்டின் தெற்கே சிப்பாலிவினிப் புல்வெளிக்கு நடுவிலுள்ள காட்டுத் திட்டுகளில், ஓடைக்கரை நிழலில் வாழும் இந்த உயிருக்கு 22 முதல் 27 பாகை வரைதான் ஏற்றது. 30ஐத் தாண்டிய வெப்பம் நீடித்தால் இறந்துவிடும். ஒரு தவளை கண்ணாடி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. இடுப்பெலும்பு துருத்தி நின்றது. மூக்கு நுனி தேய்ந்து சிவந்திருந்தது. ஒடுக்கமான பெட்டிக்குள் அடைபட்டு, வெளியேற முட்டி மோதி வந்த தவளைக்கு ஏற்படும் காயம் அது.

என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். எறும்பு பிடித்துப் போடுவதாகச் சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. இத்தவளைகளைப் பெருக்குகிறவருடைய வேலையில் பாதி, பறக்க முடியாத பழ ஈக்களை வளர்ப்பதுதான். ஒரு போத்தல் ஏறக்குறைய ஒரு மாதம்தான் ஈ தரும் என்பதால், வாராவாரம் புதிய போத்தல் தொடங்க வேண்டும். கொடுக்கும்போது கல்சியமும் விற்றமினும் கலந்த தூளில் ஈக்களைப் புரட்டியெடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நான் கதலி வாழைப்பழத்தை மசித்துச் சாதாரண பழ ஈக்களை எட்டு மாதம் வளர்த்துப் பார்த்தேன். கொழும்பின் புழுக்கத்தில் பூஞ்சணமும் சிற்றுண்ணியும் போத்தல் போத்தலாக அழித்தன. அந்த வீட்டிலோ ஒரு போத்தல்கூட இல்லை.

முட்டையிடுவதற்குக் கவிழ்த்து வைக்கும் சிரட்டையும், அதன் கீழ் வைக்கும் கண்ணாடித் தட்டும் இல்லை. வாற்பேத்தைகள் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் இரண்டு மாதத்துக்கும் மேல் வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்தும், முன்னங்கால் நூல்போல் மெலிந்து வெளிவந்து, எழுந்து நிற்கவே முடியாமல் சாகும் குஞ்சுகள் உண்டு. பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவத்தை அடைய ஒரு வருடம் அல்லது அதற்கு மேலும் ஆகும். இத்தனையையும் கடந்து வந்தவர் அந்தச் சிரமங்களில் ஒன்றையாவது பேச்சில் சொல்லாமல் இருக்கமாட்டார்.

அவரோ விஷத்தைப் பற்றியே பேசினார். "கை பட்டாலே ஆபத்து, அதுக்குத்தான் இந்த விலை" என்றார். இத்தவளைகளின் நஞ்சு, காட்டில் அவை தின்னும் எறும்பு, சிற்றுண்ணி போன்றவற்றிலிருந்து சேர்வது; தொட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்தவற்றில் அது இருப்பதில்லை. ஆகவே வீட்டில் பொரித்தவை என்றதும் கடும் விஷம் என்றதும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது.

இத்தவளை இனங்கள் 1987 முதல், அருகிவரும் உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. இலங்கைக்குள் கொண்டுவர வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். குஞ்சுகள் இங்கேயே பொரித்திருந்தாலும் தாய் தகப்பன் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டுமே, அவற்றின் அனுமதிப் பத்திரம் எங்கே என்று கேட்டேன். முகம் மாறியது. மீதிப் பணத்தைத் தந்துவிட்டுத் தவளைகளை எடுத்துச் செல்லுங்கள், முற்பணம் திரும்பாது என்று முடித்துவிட்டார். தவளைகளை எடுக்காமல் திரும்பினேன். மூன்றாம் நாள் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. வங்கிச் சிட்டையின் பிரதியோடு பத்தரமுல்லையிலுள்ள திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்திருக்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: பயந்துபோய் அவற்றை வெளியே விட்டுவிடாதீர்கள், தொட்டித் தண்ணீரைக் கானில் ஊற்றாதீர்கள். உலகின் பல இடங்களில் தவளைகளை அழித்த கைற்றிட் பூஞ்சணம் இப்படிப்பட்ட தண்ணீரோடும் பரவும். நூற்றுக்கு மேற்பட்ட தவளை இனங்கள் இந்தத் தீவில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லை.