பன்றிக்குட்டிக்கு மூலிகைப் பொடி வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கல் பகுதியில் எங்களுக்கு ஒரு சின்ன வெண்பன்றிப் பண்ணை இருக்கிறது. எட்டுத் தாய்ப்பன்றிகள். சந்தாபுரத்தில் குடியிருந்துகொண்டு நானும் என் வீட்டுக்காரரும்தான் பார்த்துக்கொள்கிறோம். போன ஆவணியிலிருந்து தை வரைக்கும் குட்டிகளுக்கு ஒரு மூலிகைப் பொடி வாங்கிப் போட்டோம். ஆன்டிபயாட்டிக் துளியும் கிடையாது என்று சொல்லி விற்றார்கள். அதில் வேலை செய்துகொண்டிருந்ததே ஆன்டிபயாட்டிக்தான். தை மாதம் தாயிடமிருந்து பிரித்த 38 குட்டிகளில் 17 செத்துப்போயின. அதே மாதிரிப் பொடி உங்கள் பண்ணையிலும் இருக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

பன்றி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், தாயிடமிருந்து பிரித்த முதல் பத்துப் பதினைந்து நாள்தான் குட்டிக்குக் கண்டம். தாய்ப்பாலோடு வந்துகொண்டிருந்த பாதுகாப்பு நின்றுவிடும். தீவனத்தைச் செரிக்கிற அளவுக்கு வயிற்றில் அமிலம் ஊறாது. அந்த நேரம் பார்த்து ஈ.கோலை கிருமி குடலில் ஒட்டிக்கொண்டு கழிச்சல் வரும். காலையில் கொட்டகைக்குள் போனால் வாலும் பின்தொடையும் நனைந்து, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்றை இழப்போம்.

அப்போதுதான் இந்தப் பொடிக்காரர் வந்தார். நம்ம கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ்தான் பேசினார். "அக்கா, இதுல இருக்கறது ஓமம், பட்டை, கிராம்பு, பூண்டு, மஞ்சள். கொழந்தைக்கு வயிறு சரியில்லன்னா ஓமத்தண்ணி குடுப்பீங்கள்ல, அதேதான்" என்றார். என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஓமத்தண்ணி கொடுத்து வளர்த்தவள் நான். அதற்கப்புறம் நான் எதுவுமே கேட்கவில்லை. 25 கிலோ மூட்டை 9,500 ரூபாய். கிலோ தீவனத்துக்குப் பத்து கிராம் கலக்கச் சொன்னார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'தீவனக் கலவை' என்று எழுதிக் கொடுத்தார்.

கலந்து போட்ட இரண்டாம் நாளே கழிச்சல் நின்றது. அந்த முறை ஒரு குட்டிகூடச் சாகவில்லை. அதைப் பார்த்த சந்தோஷத்தில் பிரித்த குட்டிகளுக்கு மட்டுமில்லாமல் வளர்கிற பன்றிகளுக்கும் தினமும் போட ஆரம்பித்தோம். கறிக்கு வாங்க வருகிறவர்களிடம், "எங்க பன்றிக்கு இங்கிலீஷ் மருந்தே போடறதில்ல" என்று நானே வாயால் சொல்லி விற்றேன். இப்போது நினைத்தால் செத்த குட்டிகளைவிட இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கறிக்கு அனுப்பும் முன்னால் மருந்துக்குத் தக்கபடி இத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கணக்கு உண்டு. நாங்கள் ஒரு நாளும் நிறுத்தவில்லை. எங்களிடம் வாங்கியவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை நான் முன்பே கவனித்தேன், விட்டுவிட்டேன். மஞ்சள் பட்ட துணியில் சோப்புப் போட்டால் கறை சிவக்கும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பொடியை அளந்து போட்டால் விரல் இடுக்கெல்லாம் மஞ்சளாகும். ஆனால் தொட்டியடியில் சோப்புப் போட்டுக் கழுவும்போது ஒரு நாளும் சிவந்ததில்லை. மஞ்சள் நுரையாகவே போகும். ஓம வாசம் மட்டும் மூக்கைத் துளைக்கும். மஞ்சளே இல்லையென்றால் அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

தை மாதம் பிரித்த குட்டிகளுக்குப் பொடி வேலை செய்யவில்லை, கழிச்சல் நிற்கவில்லை. போன் செய்தால், "டபுளா போடுங்கக்கா" என்றார். போட்டோம். நான்காம் நாள் ஒன்பது போய்விட்டது. உள்ளூர் டாக்டர் போட்ட ஊசியும் கேட்கவில்லை. செத்த குட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். ஈ.கோலைதான். டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் எதற்கும் அது அசையவில்லை. "இந்த மருந்தை எத்தனை மாசமாகக் கொடுக்கறீங்க?" என்று அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார். கொடுத்ததே இல்லை, மூலிகைப் பொடி மட்டும்தான் என்றேன். "கழிச்சல் இரண்டு நாளில் நின்றதா?" என்று கேட்டுவிட்டு, பொடியைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். ஒரு தனியார் ஆய்வகத்தில் பணம் கட்டிப் பார்த்தோம். அதே வகையைச் சேர்ந்த ஆக்ஸிடெட்ராசைக்ளின் இருந்தது. அதுவே மஞ்சள் நிற மருந்துதான்.

குறைந்த அளவில் மாதக்கணக்காக ஆன்டிபயாட்டிக் போனால் சாகாமல் தப்பிக்கிற கிருமிகள்தான் பெருகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006லேயே தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டிலும் கொலிஸ்டின் என்ற மருந்தை 2019ல் பண்ணை விலங்குகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று நிறுத்தினார்கள். இப்படி இருக்கும்போது எங்களுக்குத் தெரியாமலே எங்கள் கொட்டகைக்குள் அதே வேலையைச் செய்துவிட்டார் அந்த மனிதர்.

மூலிகை என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஓமத்தில் இருக்கும் தைமால், ஓரிகானோச் செடியில் இருக்கும் கார்வக்ரால், பட்டையில் இருக்கும் சின்னமால்டிஹைடு, கிராம்பில் இருக்கும் யூஜினால், இதெல்லாம் கிருமியின் மேல்சவ்வைக் குலைக்கக்கூடிய சத்துகள்தான். ஆனால் வாயில் போட்டதில் பெரும்பகுதி இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே உறிஞ்சப்பட்டுவிடும், கீழ்க்குடல் வரை போய்ச் சேராது. அதனால்தான் நல்ல தயாரிப்புகளில் இந்தச் சத்துள்ள எண்ணெயைக் கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்துத் தருகிறார்கள். காற்றுப் பட்டால் ஆவியாகிற சரக்கு என்பதால் மூட்டையைத் திறந்து வைத்தாலும் வீண், தீவனத்தைச் சூடாக்கிக் குச்சித் தீவனமாக அழுத்தினாலும் கொஞ்சம் போகும். சரியாக எல்லாம் அமைந்தால்கூட, பிரிப்பதற்கு முன்பிருந்தே கொடுத்து வந்தால் செரிமானம் கொஞ்சம் மேம்படும், கழிச்சல் வருவது கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். பண்ணைக்குப் பண்ணை பலன் மாறும். வந்துவிட்ட கழிச்சலை இரண்டு நாளில் நிறுத்துகிற மருந்து இல்லை அது. பன்றிகளுக்கு வரும் ஸ்வைன் ஃபீவர் காய்ச்சலுக்கான தடுப்பூசிக்கு அது மாற்றும் இல்லை. எங்களிடம் அந்த ஊசியும் வேண்டாம் என்றுதான் சொன்னார் பொடிக்காரர். நல்லவேளை, அதில் மட்டும் நாங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

இனி யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், கிலோவுக்கு எந்தச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று பையில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 'ஓமம், பட்டை' என்று பெயர் மட்டும் போட்டிருந்தால் போதாது. தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) அந்தத் தொகுதிக்கான ஆய்வறிக்கையும் ஜிஎஸ்டி பில்லும் கேளுங்கள். தரமறுத்தால் வாங்காதீர்கள்.

அறிக்கை வந்ததும் பொடிக்காரருக்கு அனுப்பினேன். "கம்பெனியில தப்பா கலந்துட்டாங்க போல" என்றார், மறுநாளிலிருந்து போன் எடுக்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று சொன்னார்கள், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டும் வாட்ஸ்அப்பில் பணம் கேட்டு அவர் அனுப்பிய செய்திகளும்தான் இப்போது எங்களிடம் இருக்கும் ஆதாரம்.

மீதி 21 குட்டிகள் பிழைத்துக்கொண்டன. உப்புச்சர்க்கரைக் கரைசலும், சோதனையில் அந்தக் கிருமியைக் கட்டுப்படுத்திய ஒரு மருந்தும் கொடுத்தோம். கறிக்கு அனுப்பும் முன் காத்திருக்க வேண்டிய நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்றரை மூட்டைப் பொடி கட்டிய வாயோடு பரண்மேல் இருக்கிறது. அத்திப்பள்ளி, சர்ஜாபுரம், ஆனேக்கல் பக்கம் இதே மாதிரி மஞ்சள் பொடி வாங்கியவர்கள் இருந்தால் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். ஒரு கைப்பிடி எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவில் தேதி எழுதி வையுங்கள். புகாரில் சேர்ந்துகொள்ள எனக்கு எழுதுங்கள்.